தோப்பை விற்றுவிட்டு மகனிடம் போகலாமா?

கேள்வி: எனக்கு 63 வயது, மனைவிக்கு 59. கிணற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பும் ஓட்டு வீடும் இருக்கின்றன. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டோம். மகன் கோவையில் வேலையில் இருக்கிறான். "தோப்பை விற்றால் 30 லட்சம் வரும். மீதிக்கு நான் கடன் போட்டு ஃபிளாட் வாங்குகிறேன், எங்களோடு வந்துவிடுங்கள்" என்கிறான். மனைவிக்குச் சர்க்கரை, மூட்டு வலி. எனக்கும் முன்போல் தோப்பைப் பார்க்க முடியவில்லை. என்ன செய்யலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் மகன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. வயதான காலத்தில் பெற்றோர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை கிடைத்தது நல்லதுதான். ஆனால் எங்கே குடியிருப்பது என்பது ஒரு கேள்வி, தோப்பை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள். குடியிருக்கும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். விற்ற நிலம் திரும்பி வராது.

முதலில் கணக்கு. 25 அடி இடைவெளியில் இரண்டு ஏக்கருக்குச் சுமார் 140 மரம். மரத்துக்கு ஆண்டுக்கு 80 காய் என்றால் 11,200 காய். காய் 15 ரூபாய் என்று வைத்தால் 1,68,000 ரூபாய். உரம், வெட்டுக்கூலி, பராமரிப்பு என்று பாதி போனாலும் 84,000 நிற்கும். மாதம் 7,000. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அதே 30 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். அதாவது மாதம் 20,500. வெறும் கணக்குப்படி விற்பதுதான் லாபம். ஆனால் அந்தப் பணம் ஃபிளாட்டுக்குள் போய்விட்டால் 7,000மும் இல்லை, 20,500ம் இல்லை. அரிசி, பால், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் காசு. மாத்திரைக்குக்கூட மகனிடம்தான் கேட்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி இப்படித்தான் விற்று, மகன் பெயரில் வீடு வாங்கக் கொடுத்தார். மகன் கெட்டவர் இல்லை. வேலை வேறு மாநிலத்துக்கு மாறியது. கடன் தவணைக்காக வீட்டை வாடகைக்கு விட வேண்டியதாயிற்று. இன்று பெற்றோர் சொந்த ஊரிலேயே வாடகை வீட்டில் இருக்கிறார்கள். தன் தோப்பு இருந்த வழியில் போகாமல், அவர் இன்றும் சுற்றித்தான் போகிறார்.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள்.

ஒன்று, எதையும் விற்காமல் ஒரு வருடம் கோவையில் இருந்து பாருங்கள். முடிந்தால் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் சின்ன வாடகை வீடு. 12 மாதச் செலவையும் நோட்டில் எழுதுங்கள். ஊர் வீட்டைப் பூட்டி வையுங்கள்.

இரண்டு, அந்த வருடம் தோப்பைக் காய்க் குத்தகைக்கு விடுங்கள். காய் வெட்டும் உரிமை மட்டும், இத்தனை மாதத்துக்கு என்று எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சில் நிலத்தையே சாகுபடிக்கு விடாதீர்கள். சாகுபடிக் குத்தகைதாரருக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. பிறகு நிலத்தைத் திரும்பப் பெறுவது எளிதல்ல.

மூன்று, விற்றே ஆக வேண்டுமானால் ஒரு ஏக்கரை மட்டும் விற்கலாம். அந்தப் பணம் உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலும் கூட்டுக் கணக்கில் இருக்கட்டும். பூர்வீக நிலமாக இருந்தால் மகளுக்கும் சம உரிமை உண்டு. அவரிடம் பேசாமல் எதுவும் செய்யாதீர்கள்.

நான்கு, பிள்ளைகளுக்குக் கொடுப்பதை உயிலாக எழுதுங்கள். உயிரோடு இருக்கும்வரை உயிலை மாற்றலாம். பதிவு செய்த செட்டில்மென்ட் பத்திரத்தை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. கட்டாயம் செட்டில்மென்ட்தான் என்றால், "எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அது இருந்தால், பராமரிக்காதபோது 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் முறையிட வழி உண்டு.

ஐந்து, வைத்தியம். சர்க்கரை மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊரிலேயே வீடு தேடி வரும். மூட்டுக்குத்தான் நகரத்து மருத்துவர் தேவைப்படலாம். அதற்காக மாதம் ஒருமுறை போய் வந்தால் போதுமா, அங்கேயே இருக்க வேண்டுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் மகனின் யோசனை இருக்கிறது, உங்கள் களைப்பு இருக்கிறது, மனைவியின் வலியும் இருக்கிறது. அவர் எங்கே இருக்க விரும்புகிறார் என்பது மட்டும் இல்லை. மூன்றாம் மாடியில் பேச்சுத்துணை இல்லாமல் பகலெல்லாம் இருக்கப்போவது அவராகவும் இருக்கலாம், பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்கப்போவதும் அவராகவே இருக்கலாம். இன்று இரவு சாப்பிட்டபின் அவரிடம் கேளுங்கள். பிறகு மகனிடம் பேசுங்கள்.