உள்ளே போனவர் எத்தனை, வெளியே வந்தவர் எத்தனை?

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் அருவியில் தலையைக் கொடுக்கிறார்கள். சித்திர சபையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார்கள். மங்குஸ்தான் பழமும் பலாச்சுளையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி விடுகிறார்கள். அந்த ஊரில் ஒரு கலாசாலை இருக்கிறது என்பதை அவர்களில் பலர் அறிய மாட்டார்கள். சாரல் விழத் தொடங்கும் ஜூன் மாதத்தில் தென்காசியிலிருந்து புறப்படும் டவுன் பஸ்ஸில் இரண்டு கூட்டங்கள் ஏறுகின்றன. துண்டும் எண்ணெய்ச் சீசாவுமாக ஏறுவது ஒன்று. புத்தகப் பையுடன் ஏறும் பெண்கள் கூட்டம் மற்றொன்று. முதல் கூட்டத்தைப் பற்றி வருஷந்தோறும் எல்லாப் பத்திரிகைகளும் எழுதி விடுகின்றன. ஆகையால் இந்த வாரம் நாம் இரண்டாவது கூட்டத்தைப் பற்றிச் சில வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி 1964-ஆம் வருஷம் ஏற்பட்டது. திருக்குற்றாலநாதர் கோயிலைச் சார்ந்த ஸ்தாபனம். இந்து சமய அறநிலையத் துறையின் பராமரிப்பில் நடப்பது. கோயிலுக்குள்ளே பீடங்கொண்டிருக்கும் பராசக்தியின் பெயரையே கலாசாலைக்கும் வைத்தார்கள். அதற்கு முன்னால் இந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி காலேஜில் படிக்க வேண்டுமென்றால் பாளையங்கோட்டைக்கு, மிஷனரிமார் சென்ற நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டிலேயே தொடங்கி வைத்த கலாசாலைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் 1948-இல் மகளிர் கல்லூரி ஏற்பட்ட மதுரைக்கோ, 1914-இலேயே அந்தப் பாக்கியம் பெற்றுவிட்ட சென்னைக்கோ போக வேண்டும். ஹாஸ்டலில் சேர்க்கப் பணமும், பெண்ணைத் தனியே அனுப்ப மனத்துணிவும் உள்ள குடும்பங்கள் எத்தனை இருந்திருக்கும்? எனவே காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் ஒரு கலாசாலை வந்தது சாமானிய விஷயமல்ல.

(அதற்கு முன்பே குற்றாலத்தில் ஒரு கலாசாலை நடந்து வந்தது என்று வாதிப்பவர்கள் உண்டு. ரசிகமணி டி. கே. சி. அவர்கள் 1954-இல் மறையும் வரையில் அந்த ஊரில் தம் இல்லத்திலேயே கவிதையை அனுபவிக்கக் கற்றுக் கொடுத்து வந்தார்கள். அங்கே கட்டணமும் இல்லை, ஹாஜர்ப் பட்டியும் இல்லை, பரீட்சையும் இல்லை. வந்தவர்களுக்குச் சாப்பாடு வேறு உண்டு. ஆனால் அந்தப் படிப்பைக் காட்டி ஒரு குமாஸ்தா வேலைக்குக்கூட மனுப் போட முடியாதல்லவா?)

கோயில் பணத்தைக் கொண்டு காலேஜ் நடத்தலாமா என்ற கேள்வி நம் நாட்டில் அடிக்கடி தலை தூக்குகிறது. 2025-ஆம் வருஷத்திலும் அரசியல் மேடைகளில் அது பலமாக அடிபட்டது. நம் அபிப்பிராயத்தைக் கேட்டால் ஒளிவு மறைவில்லாமல் சொல்லி விடுகிறோம். நித்திய பூஜையும் திருப்பணியும் குறைவின்றி நடந்த பிறகு மிச்சமாகும் பணம் பெண்களின் படிப்புக்குப் போனால் குற்றாலநாதர் ஆட்சேபிக்க மாட்டார். குழல்வாய்மொழியம்மை சந்தோஷமே அடைவாள். ஆனால் கோயிற் பணம் என்பதற்காகவே ஒரு கணக்கு அதிகமாகக் கேட்கத் தோன்றுகிறது. உண்டியலை எண்ணுகிறோம், நகைகளை நிறுத்துப் பார்க்கிறோம், நிலக் குத்தகைக்குப் பதிவேடு வைக்கிறோம். கலாசாலைக்கும் பதிவேடு உண்டு. அதில் நுழைவாயில் கணக்கு நன்றாக இருக்கும். வெளிவாயில் கணக்கைப் பற்றித்தான் இங்கே நமக்குப் பேச்சு.

முதலில் செலவைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் அரசு கலாசாலைகளிலும், அரசு உதவி பெறும் கலாசாலைகளின் உதவி பெறும் பிரிவுகளிலும், இளங்கலை வகுப்புக்குப் பாடக் கட்டணம் நீங்கிப் பல வருஷங்கள் ஆகின்றன. சுயநிதிப் பிரிவு என்று ஒன்று அதே கட்டடத்திலேயே நடப்பதுண்டு. அதற்குக் கட்டணம் வேறு, வாத்தியார் சம்பளம் வேறு. ஒரே மணி அடித்து, ஒரே மரத்தடியில் சாப்பிடும் இரண்டு பெண்களில் ஒருத்தி சில நூறு ரூபாயில் படிப்பாள். மற்றவள் ஆயிரக்கணக்கில் கட்டிப் படிப்பாள். எந்தப் பிரிவில் இடம் கிடைத்தது என்பதைப் பொறுத்த அதிர்ஷ்டம் அது.

இருந்தாலும் கட்டணத்தைவிடப் பெரிய செலவுகள் ரசீது இல்லாத செலவுகளே. 2021 மே மாதத்தில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பிரயாணம் வந்தது. தென்காசி, இலஞ்சி, மேலகரம் பக்கத்துப் பெண்களுக்கு இது பேருதவி. ஆனால் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வருகிறவள் தூரத்துப் பஸ்ஸில் அல்லவா வரவேண்டும்? அந்தப் பஸ்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை. இதையும்விடப் பெரிதாக, எவரும் எழுதாத செலவு இன்னொன்று உண்டு. முக்கூடல், ஆலங்குளம், கடையம் என்று இந்தச் சீமையில் வீட்டுத் திண்ணைகளில் பீடி சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆயிரம் பீடிக்கு இன்ன கூலி என்று கணக்கு. பெண் காலேஜுக்குப் போனால் தாயாரின் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தட்டுக் குறைகிறது. மூன்று வருஷமாக வராமல் போன அந்தக் கூலிதான் அந்தக் குடும்பம் கட்டும் உண்மையான காலேஜ் சம்பளம். 1976-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட பீடித் தொழிலாளர் நல நிதியிலிருந்து பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் உண்டு. அதற்குத் தாயாரிடம் தொழிலாளி அட்டை இருக்க வேண்டும். இடைத் தரகர் மூலமாக இலை வாங்கிச் சுற்றுகிறவளுக்கு அந்த அட்டை எளிதில் கைக்கு வருவதில்லை.

இந்த இடத்தில்தான் மாதம் ஆயிரம் ரூபாய் வந்து சேர்ந்தது. 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தமிழக அரசு 'புதுமைப் பெண்' திட்டத்தைத் தொடங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையில் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேற்படிப்பில் சேரும் பெண்ணுக்கு, படிப்பு முடியும் வரையில் மாதந்தோறும் அவளுடைய பாங்குக் கணக்கிலேயே ஆயிரம் ரூபாய். 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரித்தார்கள். இதன் முழுப் பெயரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார்கள். 1883-இல் பிறந்து 1962-இல் மறைந்த அந்த அம்மையார், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போராடியவர். 1947-இல் சென்னை மாகாணத்தில் அந்த வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. அதற்குப் பதினேழு வருஷம் கழித்து ஒரு கோயில் பெண்களுக்காகக் கலாசாலை திறந்ததும், பிறகு அந்தக் கலாசாலை வாசலில் அந்த அம்மையாரின் பெயரால் பணம் வந்ததும், அவர் உயிரோடிருந்து பார்த்திருக்க வேண்டிய காட்சிகள்.

அதே அம்மையாரின் பெயரில் முன்னால் இருந்தது திருமண உதவித் திட்டம். 1989-இல் ஏழைப் பெண்ணின் கலியாணத்துக்கு ஐயாயிரம் ரூபாய் என்று தொடங்கியது. வளர்ந்து வளர்ந்து, பட்டம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு ஒரு பவுன் தங்கமும் என்ற அளவுக்கு வந்தது. அதைத்தான் 2022-இல் மாற்றினார்கள். மூன்று வருஷப் படிப்புக்கு மாதம் ஆயிரம் வீதம் கூட்டினால் 36,000 ரூபாய். "ஐம்பதினாயிரமும் பவுனும் போய் முப்பத்தாறாயிரமா?" என்று தாய்மார்கள் முணுமுணுத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் மாற்றம் சரியே என்பது நமது கட்சி. கலியாணத்துக்குக் கொடுத்த பணம் பந்தலோடு போயிற்று. படிக்கும்போது வரும் ஆயிரம், பஸ் சார்ஜாகவும் பரீட்சைக் கட்டணமாகவும் நோட்டுப் புத்தகமாகவும் ஆகிறது. அதைவிட முக்கியம், அது அவளுடைய கணக்கில் வருகிறது, "மாதம் ஆயிரம் கொண்டு வருகிற பெண்ணை ஏன் நிறுத்த வேண்டும்?" என்று வீட்டில் ஒரு பேச்சுக்கு இடம் கொடுக்கிறது.

ஆனால் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பழைய திட்டத்தில் பட்டச் சான்றிதழைக் காட்டினால்தான் ஐம்பதினாயிரம், காட்டாவிட்டால் பாதி. அதாவது முடித்தவளுக்குப் பரிசு. புதிய திட்டத்தில் சேர்ந்தவளுக்குப் பணம். முடிக்கும்போது தனியாக ஒன்றுமில்லை. சேர்க்கையை வளர்க்க இது மிக நல்ல வழி. முடிப்பதை வளர்க்க வேறு வழிதான் தேட வேண்டும்.

சேர்க்கையில் நாம் யாருக்கும் பின்வாங்கியவர்கள் அல்ல. 2021-22-ஆம் வருஷத்து அகில இந்திய உயர்கல்விக் கணக்குப்படி பதினெட்டிலிருந்து இருபத்து மூன்று வயது வரையிலான ஜனத்தொகையோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47. இந்தியா முழுவதற்கும் 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான். மந்திரிகள் பெருமைப்படுகிறார்கள், நாமும் படுகிறோம். ஆயினும் அது வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களின் தொகை. அவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு எழுந்து போனார்கள் என்பதை அது சொல்லாது.

அமெரிக்காவில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கென்றே குறைந்த கட்டணத்தில் இரண்டு வருஷக் கலாசாலைகள் நடத்துகிறார்கள். அங்கே 1990-இல் ஒரு சட்டம் செய்தார்கள். ஒரு வருஷத்தில் முழு நேர மாணவர்களாகப் புதிதாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர், படிப்புக்குக் குறித்த காலத்தைப் போல் ஒன்றரை மடங்கு காலத்துக்குள் முடித்தார்கள் என்பதை ஒவ்வொரு கலாசாலையும் வெளியிட்டே ஆகவேண்டும். இரண்டு வருஷப் படிப்பானால் மூன்று வருஷம் பொறுத்துப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கிலும் தகராறு உண்டு. பாதியில் பெரிய சர்வகலாசாலைக்கு மாறிப் போகிறவனை முடித்தவனாகச் சேர்ப்பதில்லை. அதனால் நல்ல வேலை செய்கிற சிறு கலாசாலைகள்கூடத் தாளில் மோசமாகத் தெரிகின்றன. ஆனாலும், மகனைச் சேர்க்க வரும் தகப்பனார் கேட்பதற்கு ஒரு எண்ணாவது இருக்கிறது.

நம் நாட்டில் 2016 முதல் மத்திய சர்க்கார் வெளியிடும் கலாசாலைத் தரவரிசையில் இதற்கு ஒரு படிவம் இருக்கிறது. இன்ன வருஷம் சேர்ந்தவர் இத்தனை, குறித்த காலத்தில் தேறியவர் இத்தனை, உத்தியோகம் பெற்றவர் இத்தனை, மேற்படிப்புக்குப் போனவர் இத்தனை, உத்தியோகம் பெற்றவர்களின் நடுத்தரச் சம்பளம் இவ்வளவு என்று கேட்கிறார்கள். தரவரிசைக்கு மனுச் செய்கிற கலாசாலை இந்த விவரத்தைப் பொதுமக்கள் பார்வைக்கும் வைக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் படிவத்தை ஒரு பெற்றோர் படித்தாரென்று நாம் கேள்விப்பட்டதில்லை. தரவரிசை வெளியானதும் முதல் நூறு பெயர்களைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து விடுகிறோம்.

படிவத்தின் கட்டங்களுக்கு இடையே விழுந்து போகிறவர்களும் உண்டு. இரண்டு பாடத்தில் தவறி, 'அரியர்' வைத்துக்கொண்டு வீட்டோடு இருப்பவள் ஒருத்தி. குறித்த காலத்தில் தேறாததால் அவள் ஒரு கட்டத்திலும் இல்லை. மறு வருஷம் எழுதித் தேறினாலும் அந்தக் கட்டத்துக்குள் வர முடியாது. பட்டம் வாங்கி, பி.எட். சேரப் பணமில்லாமல் மறுபடியும் பீடித் தட்டின் முன் உட்கார்ந்தவள் இன்னொருத்தி. அவள் தேறியவர் கணக்கில் உண்டு. அதற்குப் பிறகு எங்கும் இல்லை. நடுத்தரச் சம்பளமோ சம்பளம் வாங்குகிறவர்களை மட்டும் வைத்துப் போடுவது. பத்துப் பேர் வேலைக்குப் போய்த் தொண்ணூறு பேர் வீட்டிலிருந்தாலும் அந்த எண் அழகாகவே இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இடையூறு பஞ்சாங்கத்தில் இருக்கிறது. மூன்று வருஷத்தில் ஆறு பருவப் பரீட்சைகள். பெரும்பாலும் நவம்பரிலும் ஏப்ரலிலும். மூன்றாம் வருஷத்துத் தை மாதம் கடைசிப் பரீட்சைக்கு மூன்று மாதம் முந்தி வந்து விடுகிறது. "நல்ல இடம், மாப்பிள்ளை காத்திருக்க மாட்டார்" என்றால் எந்தத் தகப்பனார் ஏப்ரலை நினைப்பார்? பெண்களின் கலியாண வயதை இருபத்தொன்றாக்க 2021-இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறாமலே 2024-இல் லோக்சபையோடு காலாவதியாகிவிட்டது. சட்டம் வந்தாலும் தை முகூர்த்தத்தைத் தள்ளி வைக்குமா என்பது வேறு விஷயம். சம்பந்தம் பேசும்போது "பரீட்சை முடிந்து வைகாசியில் வைத்துக் கொள்ளலாம்" என்று பெண் வீட்டார் ஒரு வார்த்தை அழுத்திச் சொன்னால் போதும். பிள்ளை வீட்டார் பெரும்பாலும் ஒத்துக் கொள்வார்கள். பட்டம் பெற்ற மருமகள் வேண்டாமென்று சொல்ல அவர்களுக்குப் பைத்தியமா?

கலாசாலைகள் செய்யக் கூடியதும் ஒன்று இருக்கிறது. பராசக்தி கல்லூரியைக் குறை சொல்வதற்காக நாம் இதை எழுதவில்லை; சேர்ந்தவரை எண்ணி மகிழும் எல்லாக் கலாசாலைகளுக்கும் இது பொருந்தும். ஆனால் கோயிலின் கலாசாலை முன்கை எடுத்தால் மற்றவர்கள் சாக்குச் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஜூன் மாதமும் அலுவலக வாசலில், நல்ல தமிழில், பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன் இந்தப் பாடத்தில் சேர்ந்தவர் இத்தனை பேர், முடித்தவர் இத்தனை, வேறு படிப்புக்கு மாறியவர் இத்தனை, அரியர் உள்ளவர் இத்தனை, கலியாணத்தால் நின்றவர் இத்தனை, காரணம் தெரியாமல் நின்றவர் இத்தனை. யார் பெயரும் வேண்டாம். அரியர் உள்ளவர்களுக்கு ஒரு கடிதம் போட்டு, "வந்து எழுதிவிட்டுப் போ, அம்மா, கட்டணத்தைக் கோயில் பார்த்துக் கொள்ளும்" என்று அழைக்கலாம். தபால் செலவும் பரீட்சைக் கட்டணமும் சேர்ந்தாலும் ஒரு நாள் உண்டியலுக்கு மேல் ஆகாது.

அந்தப் பலகையில் கடைசி வரிக்கு எதிரே என்ன எண் விழுகிறது என்பதை அறிய நாம் ஆவலாயிருக்கிறோம். விண்ணப்பம் வாங்கப் பெண்ணை அழைத்துக்கொண்டு வருகிற தாய்மார்களும் அந்த வரியைத்தான் முதலில் படிப்பார்கள்.