நாயும் நமக்கு நல்லாசான்

ஒருவனை இகழக் கருதுவோர் அவனை நாயென்பர். ஆயினும் நட்பின் திறத்தில் யானையினும் நாயையே நாலடியார் மேலாக வைத்தது. அந்நட்பின் பயன் இன்று மருத்துவத் துறையிலும் விளங்குகின்றதென்பதை விழாக் காணும் இக்கல்லூரியின் மாணவர்க்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

தோலுக்கும் மயிருக்கும் கருநிறம் அளிப்பது மெலனின் என்னும் நிறப்பொருள். அதனை ஆக்கும் கலங்கள் கட்டின்றிப் பெருகுவதே மெலனோமா என்னும் புற்றுநோய். வெண்ணிற மக்களிடையே இது பெரும்பாலும் தோலிலே தோன்றும். ஞாயிற்றின் புறவூதாக் கதிரே அதற்குத் தலையாய காரணம். நாயிலோ கொடிய மெலனோமா பெரும்பாலும் வாயினுள்ளே தோன்றுகின்றது. வெயில் புகாத இடத்தில் இந்நோய் பிறப்பது எங்ஙனம்? மனிதரிலும் வாய், மூக்கு முதலியவற்றின் சீதமென்சவ்வில் இத்தகைய மெலனோமா உண்டு. அது கொடியது, ஆயினும் அரியது. ஆதலின் ஆராய்வார்க்குப் போதிய நோயாளர் கிடைப்பதில்லை. நாயில் அஃது அரிதன்று.

மனிதரின் தோல் மெலனோமாக்களுள் ஏறத்தாழப் பாதியில் பிராஃப் என்னும் பரம்பரையலகு விகாரமடைந்துள்ளது. இது 2002இல் வெளியாயிற்று. நாயின் வாய் மெலனோமாவில் அவ்விகாரம் மிக அரிது. மனிதரின் சீதமென்சவ்வு மெலனோமாவிலும் அது குறைவே. எனவே நாயின் நோய் நமது தோல் நோயினும் சவ்வு நோய்க்கே நெருங்கிய உறவுடையது. 2005இல் தாஷா என்னும் பொக்சர் நாயின் பரம்பரையலகுத் தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டபின் இவ்வாராய்ச்சி எளிதாயிற்று. ஒவ்வொரு நாய்க்குலமும் சில மூதாதையரிலிருந்தே பெருகியமையால், பூடில் முதலிய குலங்களில் இந்நோய் மிகுவதன் காரணத்தைத் தேடுவதும் எளிது.

நாயை நம் நலத்துக்குக் கருவியாக்குதல் அறமோ எனச் சிலர் வினவுவர். நோயில்லாத உயிருக்கு நோயை ஊட்டி ஆராய்தல் வேறு. இயல்பாக நோயுற்ற நாய்க்கு, வளர்ப்போர் இசைவுடன் மருத்துவஞ் செய்து கற்றல் வேறு. பின்னையதையே நாம் போற்றுகின்றோம். ஐக்கிய அமெரிக்காவில் மனிதரின் தைரோசினேசுப் பரம்பரையலகைக் கொண்டு நாய்களுக்கென ஆக்கப்பட்ட மருந்தூசி 2007இல் நிபந்தனையுடனும் 2010இல் முழுமையாகவும் உரிமம் பெற்றது. அதன் பயனைப்பற்றி அறிஞர் கருத்து ஒன்றுபடவில்லை. எனினும், கொடுப்பதும் கொள்வதும் இருபாலும் நிகழவேண்டுமென்னும் நெறியை அது காட்டுகின்றது.

இன்னுமொன்று. அழகு கருதி நெருங்கிய உறவுக்குள்ளேயே நாய்களைப் பெருக்கி, அவற்றின் பரம்பரை நோய்கள் பலவற்றை மிகுவித்தவர் மனிதரே. ஆகவே அவற்றிடம் கற்பதோடு நில்லாது, கற்றதன் பயனை அவற்றுக்கும் அளித்தல் நம் கடனாகும். நாய்க்கு ஆனதெல்லாம் மனிதர்க்கும் ஆகுமெனத் துணிதலும் தவறு. ஒப்புமை வழிகாட்டுமேயன்றி முடிவு கூறாது.

வாயிலிற் கிடக்கும் நாய்மீது கல்லெறியக் கையோங்கும் மாணவன், தன் உடலின் மறைபொருளுக்கு உரையெழுத உதவும் உயிர் அதுவென்பதை ஒருகணம் எண்ணுவானாக. கல் தானே கைநழுவும்.