கம்பளியும் கூலியும்

டிசம்பர் பிறந்தால் சூலூரில் எங்கள் வளவுக்கு வண்டிகள் வரும். கேக்கு, கம்பளி, சேலை, பிள்ளைகளுக்குப் பென்சில் டப்பா. வரிசையில் நிற்கவேண்டும். வாங்கும்போது போட்டோவுக்குத் திரும்பவேண்டும். "தேங்க்ஸ் சொல்லு கண்ணு" என்று பிள்ளையின் பிடரியில் கைவைத்து அமுக்குவார்கள்.

எனக்கு அந்த அமுக்கல் பழக்கமானது. என் தாத்தா தீபாவளிக்கு மறுநாள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தோட்டத்து வாசலில் நின்று "சாமீ" என்று கூப்பிட்டு, மீந்த முறுக்கும் கவுண்டர் உடுத்திக் கழித்த வேட்டியும் வாங்கி வந்தவர். வருஷம் பூராவும் கவலைக்குப் பறி தைத்தது, செருப்புத் தைத்தது, செத்த மாடு சுமந்தது எல்லாவற்றையும் அந்த ஒரு வேட்டி மறைத்துவிடும். கொடுத்தவர் தர்மவான். வாங்கியவன் நன்றி மறக்கக்கூடாதவன்.

என் அம்மா பஞ்சாலையில் கழிவுப்பஞ்சு கூட்டுகிறார். 19 வருஷமாகக் காண்ட்ராக்ட். 1965இல் வந்த போனஸ் சட்டம் குறைந்தது 8.33 சதவீதம் என்றது. தீபாவளிக்குக் கேட்டதற்கு மேஸ்திரி சொன்னாராம்: "நீங்கதான் கிறிஸ்டீனாச்சே அம்மிணி, கிறிஸ்மசுக்குப் பாத்துக்கலாம்." கிறிஸ்மசுக்குக் கம்பளி வந்தது.

பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் பேசுகிறது. கிறிஸ்மஸ் ஆராதனையில் அதை எடுத்துப் பிரசங்கித்த ஒரு போதகரையும் நான் பார்த்ததில்லை. மாட்டுக்கொட்டகையில் பிறந்தவரைப் பற்றி உருகிவிட்டு, கம்பளி கொடுத்த முதலாளியை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்துகிறார்கள்.

சர்க்காரும் இதே கதைதான். 1950 ஜனாதிபதி ஆணை, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பவுத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவத் தலித்துக்குக் கதவு திறக்கவில்லை. திறக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தது. 2022இல் இன்னொரு ஆணையம் போட்டார்கள். தீட்டு மட்டும் ஞானஸ்நானத் தண்ணீரில் கரையாது, உரிமை கரைந்துவிடும்! அதனால்தான் எங்கள் பக்கம் பல வீடுகளில் ஆளுக்கு ரெண்டு பேர்: கோயிலில் ஒன்று, சான்றிதழில் ஒன்று. உரிமையாக வரவேண்டியதைக் கொடுத்துவிட்டால் அப்புறம் கேக்கு வெட்டி யாருக்குக் கொடுப்பது?

உதவுகிறவனைத் திட்டலாமா என்று தோழர் ஒருவர் கேட்டார். திட்டவில்லை தோழர். தானம் என்றால் எது என்று எனக்குத் தெரியும். 2019 டிசம்பர் 2 விடியலில், இந்தக் கோவை மாவட்டத்திலேயே, மேட்டுப்பாளையம் நடூரில், ஆதிதிராவிடர் காலனியை ஒட்டி ஒரு பெரிய வீட்டுக்காரர் எழுப்பியிருந்த கருங்கல் சுவர் மழையில் சரிந்து 17 பேரைக் கொன்றது. பதினேழு பேரும் தலித்துகள். சுவர் ஆபத்து என்று அந்த மக்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். யார் கேட்டது? நியாயம் கேட்டுக் கூடியவர்களைப் போலீஸ் அடித்துப் பிடித்துக்கொண்டு போனது. அன்றைக்குத்தான், டீக்கடையில் வேலை செய்யும் ஒரு தகப்பன், மகளும் மகனும் பிணமாகக் கிடக்க, இருவருடைய கண்களையும் தானமாக எழுதிக் கொடுத்தார். அந்தக் கண் இன்று எந்தச் சாதிக்காரன் முகத்தில் இருக்கிறதோ. யாருடைய பிடரியையும் அமுக்கி அவர் நன்றி கேட்கவில்லை.

இந்த மாவட்டத்தில் கொடுத்தவர் யார், நன்றிக்கடன் பட்டவர் யார்?

டிசம்பர் 25 எங்களுக்கு வேறு கணக்கும் உள்ள நாள். 1927இல் அந்த நாளில்தான் மகாடில் அம்பேத்கர் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார். 1968இல் அதே நாள் இரவில்தான் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அவர்கள் கேட்டது இனாம் அல்ல, கூலியில் கொஞ்சம் நெல் கூட. கம்பளி வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் எரித்திருக்க மாட்டார்கள்.

போன டிசம்பரிலும் வண்டி வந்தது. போகாதே அம்மா என்றேன். போனார். வாங்கினார். போட்டோவுக்கு மட்டும் திரும்பவில்லை. "நம்ம போனசுல வாங்குனதுதானடா, எதுக்கு உடோணும்?" என்றார். தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதியிருக்கும் மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. இதுவரை ஏழு பேர் போட்டிருக்கிறார்கள். எட்டாவது ஆளைப் பார்க்க இன்று ஷிப்டு விட்டதும் போகவேண்டும்.