தீவனத்தில் கலக்கும் மருந்து யாரைக் காக்கிறது?

கறிக்கோழி வளர்ப்பு இன்று மானாவாரி விவசாயிக்கும் கைகொடுக்கும் துணைத்தொழிலாகிவிட்டது. பல்லடம், உடுமலை, நாமக்கல் வட்டாரங்களில் கிணறு வற்றிய காட்டில்கூடக் கோழிக் கொட்டகை நிற்கிறது. மழை பொய்த்த வருடத்திலும் வளர்ப்புக் கூலி குடும்பத்தைத் தாங்குகிறது. இத்தொழில் நிலைக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால், நோய் வந்தாலும் வராவிட்டாலும் தீவனத்திலும் குடிநீரிலும் ஆன்டிபயாடிக் மருந்தைக் கலந்து கொடுக்கும் பழக்கம் இத்தொழிலின் அடிவேரை அரித்து வருகிறது. இப்பழக்கத்தைக் கைவிட வேண்டும். கைவிடும் சுமையைச் சிறு பண்ணையாளர் தலையில் மட்டும் ஏற்றாமல், கம்பெனிகளும் அரசும் தோள் கொடுக்க வேண்டும்.

காய்ப்புழு தந்த பாடம்

பருத்தி பயிரிட்டவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1980-களின் தொடக்கத்தில் செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் வந்தபோது, ஒரே தெளிப்பில் காய்ப்புழு கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தது. வாரம் தவறாமல் அடித்தோம். 1987-88 பருவத்தில் ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் எத்தனை முறை அடித்தும் புழு சாகவில்லை. மகசூல் போயிற்று; கடன்தான் மிஞ்சிற்று. மருந்துக்குத் தப்பிய சில புழுக்கள் பெருகிப் பெருகிக் காட்டையே நிரப்பிவிட்டன.

கோழியின் குடலில் நடப்பதும் இதுவே. மருந்துக்குச் சாகும் கிருமிகள் செத்துவிடுகின்றன. தாக்குப்பிடிக்கும் கிருமிகள் பெருகுகின்றன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. காய்ப்புழு தன் எதிர்ப்புச் சக்தியைத் தன் குஞ்சுகளுக்கு மட்டுமே கொடுக்கும். நுண்கிருமியோ பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் அதைக் கைமாற்றிக் கொடுத்துவிடும். கோழிக்கு ஒரு தீங்கும் செய்யாத குடல் கிருமி, மனிதனைப் படுக்கையில் தள்ளும் கிருமிக்கு இந்த வித்தையைக் கற்றுக் கொடுக்க முடியும். புழு பல வருடங்களில் அடைந்ததைக் கிருமி சில நாட்களில் அடைந்துவிடுகிறது.

இப்பழக்கம் வந்த கதை

1940-களின் இறுதியில் அமெரிக்காவில் ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்ற இரு விஞ்ஞானிகள், ஆரியோமைசின் தயாரிப்பில் மிஞ்சும் கழிவைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் வேகமாக எடை போட்டன. அன்று முதல், நோய்க்கான மருந்து எடை கூட்டும் சரக்காக மாறியது. சிறிய அளவில், நீண்ட நாட்கள் கொடுப்பது வழக்கமாயிற்று. கிருமியைக் கொல்லாமல் பழக்கப்படுத்துவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. குறைந்த அளவு மருந்து கிருமிகளைப் பழக்கிவிடும் என்று பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங் 1945-ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தார்.

1976-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவ விஞ்ஞானி ஒரு பண்ணை ஆய்வை வெளியிட்டார். கோழிகளுக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம் கொடுக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் கோழிகளின் குடல் கிருமிகள் அந்த மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிட்டன. ஐந்தாறு மாதங்களில், மருந்தைத் தொட்டே பார்க்காத பண்ணை வீட்டாரின் குடலிலும் அத்தகைய கிருமிகள் பெருகியிருந்தன. அக்கம்பக்கத்து வீட்டாரிடம் அவ்வளவு இல்லை. கோழிக்கு மருந்து கலப்பவர் வீட்டில்தான் முதல் பாதிப்பு என்பதை இது காட்டுகிறது. கூளத்தைக் கிளறுபவரும், செத்த கோழியை எடுத்துப் போடுபவரும், கொட்டகையருகே விளையாடும் குழந்தையும்தான் முதல் வரிசையில் நிற்கிறார்கள். நாளை அக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லும்போது, ஊசி பலிக்காமல் போனால் அந்த நஷ்டத்தை எந்தக் கூலியால் ஈடுகட்டுவது?

கோலிஸ்டின் சொல்லும் செய்தி

வேறு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத தொற்றுக்கு, டாக்டர்கள் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்து கோலிஸ்டின். அதையே கோழித் தீவனத்திலும் கலந்து வந்தார்கள். கோலிஸ்டினுக்கு அடங்காத தன்மை ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது என்பதை 2015-ஆம் ஆண்டு சீன விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். முதலில் அதைக் கண்டது பண்ணை விலங்கின் கிருமியில்தான். 2019 ஜூலையில் நம் மத்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன்களுக்கும் தீவனத்திற்கும் கோலிஸ்டினைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. வரவேற்க வேண்டிய தடை. ஆனால் ஒரு மருந்தைத் தடுத்தால் வேறொரு மருந்து மூட்டைக்குள் நுழையும். ஆகவே பழக்கத்தையே மாற்ற வேண்டும்.

நுகர்வோர் பீதியடையத் தேவையில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நன்றாக வெந்த கறியில் கிருமி செத்துவிடும். பச்சைக் கறியைத் தொட்ட கையையும் அரிவாள்மனையையும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கோழி தின்பதை நிறுத்துவதால் பிரச்சினை தீராது; வளர்க்கும் முறை திருந்தினால்தான் தீரும்.

மருந்தில்லாமல் கட்டுப்படியாகுமா?

பண்ணையாளர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. டென்மார்க் நாட்டில் 1998-இல் கறிக்கோழி வளர்ப்போர் எடை கூட்டும் ஆன்டிபயாடிக்கை நிறுத்தினார்கள். சாவு விகிதம் கூடவில்லை. ஒரு கிலோ எடைக்குச் சுமார் 16 கிராம் தீவனம் மட்டும் கூடுதலாகச் செலவாயிற்று. இரண்டு கிலோ எடையுள்ள 1,000 கோழிகளுக்குக் கணக்குப் போட்டால் 32 கிலோ தீவனம். ஒரு மூட்டைகூட இல்லை. மருந்து வாங்காமல் மிச்சமான பணம் அந்தச் செலவைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் 2006 முதல் எடை கூட்டுவதற்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதற்குத் தடை உள்ளது.

அங்குள்ள கொட்டகை வேறு, நம் சித்திரை வெயில் வேறு என்பது உண்மை. அங்கும் இரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்தை நிறுத்திவிடவில்லை. ஆகவே, இன்றைக்கே எல்லா மருந்தையும் குப்பையில் கொட்டுங்கள் என்று சொல்வது சரியாகாது. நோய் வந்த கோழிக்கு, கால்நடை மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுக்கத்தான் வேண்டும். நோயில்லாத கோழிக்குக் கொடுப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறோம்.

மருந்து பலிக்காத நோய்க்கும் மருந்து கொடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. வெள்ளைக் கழிச்சலும் கம்போரோவும் வைரஸ் நோய்கள். இவற்றை எந்த ஆன்டிபயாடிக்கும் தொடாது. காலத்தில் போட்ட தடுப்பூசிதான் காக்கும். அதேபோல், கொட்டகையில் நுழைந்ததும் கண் எரிந்தால் கூளம் ஈரம் கோத்து அமோனியா வாடை கிளம்பியிருக்கிறது என்று பொருள். அந்தக் காற்றைச் சுவாசிக்கும் கோழிக்குச் சளி பிடிக்கும். அதன்மேல் கிருமி ஏறும். அங்கே தேவை கிளறிவிடுதலும், நனைந்த கூளத்தை அகற்றுதலும், காற்றோட்டமும்தான். தொட்டியையும் குழாயையும் கழுவாமல் தண்ணீரில் மருந்து கலப்பது, ஓட்டைச் சட்டியில் பால் கறப்பதற்குச் சமம். குளோரின் கலந்த சுத்தமான தண்ணீர், பேட்சுக்குப் பேட்சு கொட்டகைக்கு ஓய்வு, வாசலில் சுண்ணாம்பு, வெளியாள் நுழையாத கட்டுப்பாடு ஆகிய இவை மருந்துக் கடைச் சீட்டைக் குறைக்கும்.

விற்கும் முன் நிறுத்த வேண்டிய நாட்களையும் மறக்கலாகாது. மருந்துச் சீட்டிலேயே அந்நாட்கள் அச்சிடப்பட வேண்டும் என்று 2012 முதல் சட்டம் உள்ளது. குறிப்பிட்ட மருந்துக்கு எனத் தனியாக நாள் வரையறுக்கப்படவில்லை என்றால், கறிக்கோழிக்கு 28 நாட்களுக்கும் முட்டைக்கு 7 நாட்களுக்கும் குறையக்கூடாது. நாற்பது நாளில் பிடிக்கும் கோழிக்கு 28 நாள் என்றால், பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு அம்மருந்தைக் கொடுக்கவே கூடாது என்றாகிறது.

எரு வாங்குவோர் கவனத்திற்கு

கோழி எரு நிலத்திற்கு நல்ல உரம். ஆனால் கொட்டகையிலிருந்து பச்சையாக வாரிக் காய்கறிப் பாத்தியில் கொட்டினால், மருந்துக்கு அடங்காத கிருமியும் மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும். குவித்து, ஈரம் காட்டி, கிளறிவிட்டு, சூடேறி மக்கிய பிறகே இட வேண்டும். நன்கு சூடேறிய குவியலில் பெரும்பாலான கிருமிகள் மடிந்துவிடும். பயிருக்கும் மக்கிய எருவே நல்லது. செத்த கோழியை ஓடையிலும் ரோட்டோரத்திலும் எறிவது அடியோடு கூடாது.

யார் என்ன செய்ய வேண்டும்?

ஒப்பந்த முறையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியிலிருந்து வருகின்றன. கொட்டகையும் கரண்டும் தண்ணீரும் உழைப்பும் நம்முடையவை. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது வளர்ப்பவருக்கே தெரிவதில்லை. சாவு கூடினால் கூலி குறைகிறது. இந்நிலையில், "விவசாயிகள் மருந்தை அளவின்றிப் பயன்படுத்துகிறார்கள்" என்று அவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. மனிதர்களுக்கான ஆஸ்பத்திரிகளிலும் மருந்துக் கடைகளிலும் இதே தவறு நடக்கிறது; அதுவும் திருத்தப்பட வேண்டியதே. ஆனால் அடுத்த வீட்டுக் கூரை எரிகிறது என்பதற்காக நம் வீட்டுத் தீயை அணைக்காமல் இருக்க முடியாது.

எனவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: தீவன மூட்டையில் கலந்துள்ள மருந்தின் பெயரும் அளவும் தமிழில் அச்சிடப்பட வேண்டும். தண்ணீரில் கலக்கக் கொடுக்கும் மருந்து, கால்நடை மருத்துவரின் கையெழுத்தோடு பண்ணை அட்டையில் ஏற வேண்டும்.

இரண்டு: மருந்தைக் குறைத்து வளர்க்கும் பண்ணையாளருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலியில் கூடுதல் தர வேண்டும். சுத்தத்திற்கு ஆகும் உழைப்புக்கு விலை இல்லையென்றால் மாற்றம் வராது.

மூன்று: எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சோதித்துச் சொல்லும் வசதியை, கோழிப் பண்ணைகள் மிகுந்த ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்த கட்டணத்தில் அரசு செய்து தர வேண்டும். சோதனை முடிவு சீக்கிரம் கிடைத்தால், கண்ணை மூடிக்கொண்டு மூன்று மருந்து கொடுக்கும் அவசியம் எழாது.

பண்ணையாளர்கள் தனித்தனியே கேட்டால் அடுத்த பேட்சுக்குக் குஞ்சு வராது என்ற பயம் இருக்கிறது. சங்கமாகக் கூடிக் கேட்டால் அந்தப் பயம் குறையும். பால் உற்பத்தியாளர்கள் சங்கமாகச் சேர்ந்தபின் தங்கள் சொல்லுக்கு மதிப்புத் தேடிக்கொண்டது நாம் கண்ட உண்மை. அடுத்த பேட்ச் குஞ்சு இறங்குமுன், மூட்டையில் என்ன இருக்கிறது என்ற முதல் கேள்வியைக் கேட்டுவிடுவோம். மருந்து நோய்க்கு மட்டும் என்ற கட்டுப்பாடு நம் கொட்டகையிலிருந்தே தொடங்கட்டும்.