வீங்கும்வரை காத்திருக்கச் சொல்லாதீங்கோ

எங்கட நண்பன் ஒருவன் கிரிக்கெட்டுக்கு வருவான், விளையாடமாட்டான். ஸ்கோர் எழுதுவான். சின்ன வயசில் முழங்கால் வீங்கும்போதெல்லாம் "எங்கையோ விழுந்திருக்கிறான்" என்று எண்ணெய் பூசிவிட்டார்களாம். ஹீமோபிலியா என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது 24 வயதில் படியேறக் கைபிடி தேடுகிறான்.

வெட்டுக்காயத்தில் இரத்தம் நிற்காத வருத்தம் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். ஆனால் முழங்கால், முழங்கை, கணுக்கால் மூட்டுகளுக்குள்தான் அது கூடுதலாக அழிக்கிறது. உள்ளே கசிந்த இரத்தத்தின் இரும்பு மூட்டின் உட்சவ்வில் படிய, சவ்வு தடித்து இன்னும் சுலபமாகக் கசியும். குருத்தெலும்பு தேயும். எக்ஸ்ரேயில் தெரியவரும்போது காலம் கடந்துவிடும்.

2007இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 65 சிறுவர்கள் இருந்தார்கள். இரண்டரை வயதுக்கு முன்பிருந்தே, இரத்தம் உறையத் தேவையான பாக்டர் 8 ஊசியை ஒழுங்காக ஏற்றியவர்களில் 93 சதவீதமானோரின் மூட்டுகள் ஆறு வயதில் எம்.ஆர்.ஐ. ஸ்கானில் நல்லாயிருந்தன. கசிந்தபிறகு மட்டும் ஏற்றியவர்களில் அது 55 சதவீதம். எங்களை உறுத்தியது இன்னொன்று: ஒருமுறைகூட வீங்காத மூட்டுகள் சிலதிலும் சேதம் இருந்தது. வீக்கத்தை நம்பியிருந்தால் இவை பிடிபட்டே இருக்காது.

அதனால்தான் பயோமார்க்கர்களைத் தேடுகிறார்கள். குருத்தெலும்பு உடையும்போது சிறுநீரில் வருகிற சிடிஎக்ஸ்-2 என்ற கொலாஜன் துணுக்கு ஒன்று, இரத்தத்தில் கூடுகிற கொம்ப் என்ற புரதம் இன்னொன்று. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வளருகிற பிள்ளையின் எலும்பு வளர்ச்சித்தட்டிலிருந்தும் அதே துணுக்கு வரும். எந்த மூட்டிலிருந்து வந்தது என்றும் அது சொல்லாது. ஆகக்கூடுதலாகத் தேவைப்படுகிற சின்னப்பிள்ளைகளிடம்தான் இந்தப் பரிசோதனை தடுமாறுகிறது!

ஆராய்ச்சி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்றுதான் கேட்கிறோம். நண்பனிடம் இதைக் கதைத்தபோது, "மருந்து இல்லாமல் முன்கூட்டியே தெரிஞ்சிருந்தா அம்மா முன்கூட்டியே அழுதிருப்பா, வேறென்ன" என்றான். கையில் காசு குறைவென்றால் முதலில் ஒழுங்கான பாக்டர் ஊசி, அடுத்தது மூட்டுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கான். எம்.ஆர்.ஐ.யை விடச் செலவு குறைவு, பிள்ளையை மயக்கவும் தேவையில்லை, தடித்த சவ்வையும் காட்டும்.

ஹீமோபிலியா உள்ள பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், நோவில்லாட்டியும் வீக்கமில்லாட்டியும் கணுக்காலை ஒருக்கா ஸ்கான் பண்ணிப் பாருங்கோ என்று வாய்விட்டுக் கேளுங்கோ.