எது அசல்?

பழைய காரைத் திருத்துகிறவர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தபடியே, ஓர் ஆணிகூட மாறாமல் வைத்திருக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. ஓட்டுவதற்குத்தானே கார், இன்றைய வசதிகளைப் பொருத்தினால் என்ன என்பது மறுதரப்பு. அந்தக் கார் எந்தப் பாதையில், யாரை ஏற்றிக்கொண்டு ஓடப்போகிறது என்பதை இரு தரப்பும் மறந்துவிடுகின்றன என்பதே என் கருத்து.

நம் நாட்டுக்கு நன்கு பழகிய மொரிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, 1970களின் தொடக்கம் வரை தயாரிக்கப்பட்ட கார் அது. பத்து இலட்சத்தைத் தாண்டிய முதலாவது பிரித்தானியக் காரும் அதுவே.

எங்கள் குடும்பத்திலும் ஒன்று இருக்கிறது. மாமா அதைத் திருத்தத் தொடங்கியதும் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. எஞ்சின், கியர்பெட்டி, ஆசனம் எல்லாவற்றையும் ஜப்பான் சாமானாக மாற்றி, ஏசியும் போடலாம் என்பது கராஜ் பாஸின் யோசனை. சீட் பெல்ட்கூட வேண்டாம் என்பது மாமாவின் பிடிவாதம். "பிள்ளைகள் ஏறுகிற வாகனத்தில் பெல்ட் இல்லாவிட்டால் எப்படி?" என்று உம்மா கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

உம்மா கேட்டது நியாயம். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, ராகலை வழியாக உடப்புசல்லாவைக்கு வரும் பாதையில் வளைவுகளுக்கும் மூடுபனிக்கும் குறைவில்லை. மைனரின் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறிப் பிடி தளரும். காற்றுப்படும்படி இருக்கும் டிஸ்க் பிரேக் விரைவில் ஆறிவிடும். அத்தோடு நான்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றில் இயங்குவதால், ஓரிடத்தில் கசிந்தாலும் கால் பிரேக் முழுவதும் போய்விடும். வேகம் இருமடங்கானால் இயக்கசக்தி நான்கு மடங்காகும் என்று பௌதிகவியலில் படிக்கிறோம். அந்தக் கணக்கு பழைய காருக்குச் சலுகை காட்டாது.

"அசல் கெட்டுவிடுமே" என்பார்கள். எது அசல்? மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், முன்மாதிரிக் காரையே நீளவாக்கில் இரண்டாக வெட்டி நான்கு அங்குலம் அகலமாக்கினார். பொனட்டின் நடுவில் ஓடும் பட்டை அதன் அடையாளம். 918 சீசீயில் தொடங்கிய எஞ்சின் 803, 948 என மாறி, 1962இல் 1098 ஆனது. திரும்பும் பக்கத்தைக் காட்டக் கதவோரத்திலிருந்து எழுந்த சிறு கையை எடுத்துவிட்டு, 1961இல் மின்னும் விளக்கைப் பொருத்தியதும் தொழிற்சாலைதான். செய்தவர்களே திருத்திக்கொண்டே வந்த காரில் நாம் எதையுமே தொடக்கூடாது என்பது பொருந்துமா?

அதற்காகப் பாஸின் யோசனையையும் ஏற்க முடியாது. எங்கள் குளிருக்கு ஏசி எதற்கு? எஞ்சினும் அதன் சத்தமும் நடுவிலிருக்கும் வேகமானியும் போனால், மிஞ்சுவது மைனரின் உடையணிந்த வேறொரு கார். பெரிய கியர்பெட்டிக்காகத் தரைத்தகட்டை வெட்டினால், அதைப் பழையபடி ஆக்குவதும் எளிதல்ல.

பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனமான பீவா, தனது டுரின் சாசனத்தில் நடுவழி ஒன்றைக் காட்டுகிறது. மாற்றம் அவசியமானால் அது தோற்றத்தைக் கெடுக்காமல் அடக்கமாக இருக்க வேண்டும். கழற்றிய முக்கிய பாகங்கள் வாகனத்தோடே இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

இதைப் பின்பற்றினால் மாமாவும் பாஸும் ஒத்துப்போகலாம். சீட் பெல்ட், டிஸ்க் பிரேக், இரட்டை எண்ணெய்ச் சுற்று ஆகியவை உயிரைக் காப்பவை. அவற்றைத் தயங்காமல் பொருத்த வேண்டும். பெல்ட்டுக்காக இரண்டு துளைகள் போட நேர்ந்தால் போடலாம். சுகத்துக்கான மாற்றமென்றால், உடலை வெட்டாமல் செய்யக்கூடியதை மட்டும் செய்யலாம். கழற்றிய டிரம்முக்கு எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி, பெயரெழுதி வைத்தால் நாளைக்கு வேண்டியவர்கள் திரும்பப் பூட்டிக்கொள்வார்கள்.

அருங்காட்சியகத்தில் நிற்கும் கார் மாறாமலே இருக்கட்டும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ராகலை இறக்கத்தில் வரும் காருக்கு முதலில் வேண்டியது நல்ல பிரேக். பழைய கார் வைத்திருக்கும் பெற்றோர் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.