உச்சிவெயிலில் ஒரு துணை

தமிழ் இலக்கணத்தில் பாலைக்குத் தனி நிலம் கிடையாது. காட்டுக்கும் மலைக்கும் வயலுக்கும் கடற்கரைக்கும் இடம் ஒதுக்கிய தொல்காப்பியர், பாலைக்குப் பொழுதை மட்டும் கொடுத்தார்: வேனிற்காலம், நண்பகல். வெயில் ஏறினால் எந்த ஊரும் பாலைதான் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். மே மாதத்தில் ஹைதராபாத்திலிருந்து சைக்கிளில் நெடுந்தூரம் கிளம்புகிறவர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

அப்படிக் கிளம்புகிறவர்கள் இந்த ஊரில் நிறையவே இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் தலைக்கவசமும் முதுகுப் பையுமாக, ஸ்ரீசைலம் பக்கமோ நாகார்ஜுனசாகர் பக்கமோ ஒரு கூட்டம் புறப்படும். இவர்களில் பலர் 'பிரெவே' என்ற நெடும்பயணத்துக்குத் தயாராகிறவர்கள். பாரிஸ் நகரத்துச் சைக்கிள் சங்கம் ஒன்று வகுத்த விதிகள் இதற்கு உண்டு. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திலும், 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்திலும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். பந்தயம் அல்ல, முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே அங்கீகாரம்தான். வழியில் பஞ்சர் ஒட்டுவதும் பசிக்குச் சாப்பிடுவதும் அவரவர் பொறுப்பு. 200 கிலோமீட்டருக்குக் காலை 6 மணிக்குப் புறப்பட்டால் கெடு முடிவது இரவு 7.30 மணிக்கு. நடுப்பகலைத் தாண்டாமல் ஊர் திரும்ப வழியே இல்லை.

தக்காணத்தின் நடுப்பகல் வேறு ரகம். கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கும் நகரம் இது. சுற்றிலும் கருங்கல் பாறைகள். காலையில் குடித்த வெயிலை மாலை வரை திருப்பித் துப்பிக்கொண்டிருப்பவை. கோடையின் காற்றில் ஈரம் குறைவு. சென்னையில் சைக்கிள் மிதித்தால் வியர்வை சொட்டும், சட்டை ஒட்டும், உடம்பு நீரை இழப்பது கண்ணுக்குத் தெரியும். இங்கே வியர்வை தோலில் தோன்றும்போதே காய்ந்துவிடுகிறது. சட்டையில் வெள்ளையாய்ப் பூக்கும் உப்புதான் சாட்சி. 'எனக்கு அவ்வளவாக வியர்க்கவில்லை' என்று ஒருவர் சொல்லும்போது அவர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் இழந்துகொண்டிருக்கக்கூடும்.

சைக்கிள் மிதிப்பவரின் தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி எல்லாம் சூடு. அதை வெளியேற்ற முக்கிய வழி வியர்வை ஆவியாவது. அதற்கு உதவுவது எதிர்க்காற்று. சமதளத்தில் வேகமாகப் போகும்வரை பிரச்சினை தெரியாது. ஒரு மேடு வரட்டும். காற்றும் முதுகுப் பக்கத்திலிருந்து வரட்டும். வேகம் குறைகிறது, உழைப்பு கூடுகிறது, முகத்தில் படும் காற்று நின்றுபோகிறது. பலர் தடுமாறுவது அங்கேதான்.

தண்ணீர் மட்டும் குடித்தால் போதுமா என்றால், போதாது. வியர்வையோடு உப்பும் போகிறது. மணிக்கணக்கில் வெறும் தண்ணீரையே வயிறு முட்டக் குடித்தால் ரத்தத்தில் உள்ள உப்பின் அளவு நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாகும். தெலங்கானா கிராமத்துக்காரர்களுக்கு இது பழைய பாடம். உப்புப் போட்ட மோரும் அம்பலி என்கிற கூழும் இங்கே கோடையின் மருந்துகள். சாலையோரங்களில் 'சலிவேந்திரம்' என்ற பெயரில் பானைகளோடு தண்ணீர்ப் பந்தல்கள் முளைக்கும். திங்களூரில் நாவுக்கரசர் பெயரில் அப்பூதியடிகள் வைத்த பந்தலின் சொந்தக்காரர்கள் என்று இவற்றைச் சொல்லலாம்.

ஆனால் வெயிலின் உண்மையான ஆபத்து தாகம் அல்ல. தாகத்தை மனிதன் உணர்வான். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது முதலில் கலங்குவது உணருகிற மூளையேதான். கலங்கியவருக்குத் தான் கலங்கியிருப்பது தெரியாது. 'ஒன்றுமில்லை, போகலாம்' என்பார். சில சமயம் முன்னைவிட உறுதியாகச் சொல்வார். பின்னால் வருபவர்தான் கவனிக்க முடியும்: நேர்க்கோட்டில் போனவரின் சைக்கிள் வளைகிறது, பேசிக்கொண்டு வந்தவர் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறார், கடந்துவந்த ஊரின் பெயரைக் கேட்டால் விழிக்கிறார். அந்த நேரத்தில் அவரிடம் அபிப்பிராயம் கேட்கக் கூடாது. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிற வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் புகட்டக் கூடாது. 108க்குச் சொல்ல வேண்டும். அந்த ஆம்புலன்ஸ் சேவை 2005ல் பிறந்ததே ஹைதராபாத்தில்தான்.

கூட்டமாகப் போவதன் பயன் இதுதான். முன்னால் போகிறவர் காற்றை உடைக்க, பின்னால் வருபவருக்கு உழைப்பு மிச்சம் என்பது மற்ற நாட்களின் கணக்கு. உச்சிவெயிலில் அதுவும் முழு லாபம் அல்ல. ஒருவர் முதுகுக்குப் பின்னே ஒளிந்தால் குளிர்விக்கும் காற்றும் குறைகிறது. அன்று துணையின் வேலை, நம்மைவிட நன்றாக நம்மைப் பார்ப்பது. கூட்டத்தின் வேகம் கடைசியில் வருபவரின் வேகமாக இருந்தால்தான் அதற்குக் கூட்டம் என்று பெயர்.

1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். பாக்தாதிலிருந்து அலெப்போ வரை 956 கிலோமீட்டர் பாலைவனத்தைக் கடக்க அவர்களுக்கு 23 நாட்கள் ஆயின. நாளுக்குச் சராசரி 42 கிலோமீட்டர் கூட இல்லை. இன்று நல்ல சாலையில் சைக்கிள்காரர்கள் காலைச் சிற்றுண்டிக்கு முன்பே கடக்கிற தூரம் அது. மணலும் தாகமும் அவர்களை வாட்டின. ஆனால் அங்கே அவர்கள் தனித்தனியாக இல்லை. 1928 மார்ச்சில் அடி ஹக்கிம், ஜால் பாபசோலா, ரஸ்தம் பும்காரா ஆகிய மூவர் சுமார் 71,000 கிலோமீட்டரை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

ஹைதராபாத் தன் சைக்கிள்காரர்களுக்கு நிழலும் கொடுத்துப் பார்த்தது. 2023 அக்டோபரில் வெளிவட்டச் சாலையை ஒட்டி 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதை திறக்கப்பட்டது. அதன் பெரும்பகுதிக்குச் சூரிய மின்தகடுகளே கூரை. 16 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கும் திட்டம். வெயிலை மேலே வேலைக்கு வைத்துவிட்டுக் கீழே நிழலில் போகும் யோசனை அழகானது. ஆனால் இது உடற்பயிற்சிக்காரர்கள் அதிகம் வரும் பாதை. பிழைப்புக்காகச் சைக்கிள் மிதிக்கிறவர்களின் பாதை பெரும்பாலும் வேறு.

2015 மே மாத வெப்ப அலையில் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலுமாக 2,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கூலித் தொழிலாளர்களும் முதியவர்களும் ஏராளம். விருப்பத்துக்காக வெயிலில் போகிறவர்கள் துணையோடு போகிறார்கள். பாத்திரம் விற்கவும் உணவுப் பொட்டலம் கொண்டு சேர்க்கவும் பகல் ஒரு மணிக்கு மிதிக்கிறவர் தனியாகப் போகிறார். அவர் சைக்கிள் வளைவதைப் பார்க்கப் பின்னால் யாரும் வருவதில்லை.

பாலைக்கு நிலம் தராத இலக்கணம் அதற்குரிய பொருளாகப் பிரிவைச் சொன்னது. காதலர்களை மனதில் வைத்துச் சொன்னது அது. சாலையோரம் தள்ளாடும் ஒருவரைக் கண்டு வண்டியை நிறுத்தி, 'அண்ணா, கொஞ்சம் உட்காருங்கள்' என்று சொல்ல ஒருவர் இருந்தால் அந்தப் பாலை அங்கேயே முடிந்துவிடும்.